வீட்டில் அரைத்த பாதாம் விழுது

மனித குலத்தின் மகத்தான காரியங்கள் அனைத்தும் யாரோ ஒருவருடைய தோள்பட்டை வலியில்தான் முடிகின்றன. ஒரு டைல்ஸ் கம்பெனியின் 'வீட்டுச் சுவை இயக்கம்', அங்கே வேலை செய்கிற பெட்டி அக்காவின் வலது தோள்பட்டையில் வந்து முடிந்தது. கையைத் தூக்கித் தலைவார முடியவில்லை. இடது கையால் வாரினால் வகிடு காதுப் பக்கம் போய் நின்றது. ஆனாலும் கம்பெனி விழாவுக்குப் போயாக வேண்டும், மேடையேற வேண்டும், சிரிக்க வேண்டும். சிரிப்பு மேலிடத்து உத்தரவு.

டைல்ஸைப் பெட்டியில் அடுக்குகிற வேலை என்பதால் அவளுக்குப் பெட்டி அக்கா என்று பெயர். அவள் புருஷன் அதே கம்பெனியில் லோடுமேன். சரக்குத் தூக்குகிற சங்கிலி துருப்பிடித்துக் கிடக்கிறது என்று பல தடவை சொல்லிப் பார்த்தவர். ஒருநாள் சங்கிலியே அதை நிரூபித்தது. தொங்கிக்கொண்டிருந்த பெட்டி அவர் முகத்தில் இறங்கித் தாடை உடைந்தது.

நிர்வாகம் இதை 'விபத்து' என்று கொச்சையாகச் சொல்லவில்லை. 'சரக்குக்கும் ஊழியருக்கும் இடையே ஏற்பட்ட எதிர்பாராத நெருக்கம்' என்று மரியாதையாகக் குறிப்பிட்டது. விசாரணையும் வைத்தது. மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் சேர்த்துக் கம்பி கட்டியிருந்த மனிதரை நாற்காலியில் உட்கார வைத்துக் கேள்வி கேட்டார்கள். 'ஊழியர் கடைசிவரை வாயே திறக்கவில்லை' என்று முடிவு எழுதினார்கள். ஒரு எழுத்துகூடப் பொய்யில்லாத விசாரணை அது.

எலும்பு கோணலாகச் சேர்கிறது, இன்னொரு ஆபரேஷன் வேண்டும் என்றார் டாக்டர். அடிபட்டது வேலையில்தான் என்று கம்பெனி ஒரு கையெழுத்துப் போட்டால் இன்சூரன்ஸ் பணத்தில் ஆபரேஷன் நடக்கும். கையெழுத்து மனிதவள மேலாளரின் பேனாவுக்குள் பத்திரமாக இருந்தது. அதுவரைக்கும் லோடுமேனுக்கு மிக்ஸிதான் பல். கஞ்சியோ, வெந்த காயோ, எதுவானாலும் மிக்ஸியில் அடித்து ஸ்ட்ரா வழியாக உள்ளே போக வேண்டும்.

இந்தச் சமயத்தில்தான் முதலாளியம்மாவுக்கு ஞானம் பிறந்தது.

கடையில் விற்கிற பாதாம் விழுதில் பாதாமைத் தவிர மற்றதெல்லாம் இருக்கிறது என்று ஏதோ ஒரு வீடியோவில் பார்த்துவிட்டார். அன்றே தன் வீட்டில் அரைத்தும் பார்த்தார். புதிதாகப் பதித்த வெள்ளைக்கல் மேடையில் எண்ணெய்க் கறை பட்டது. ஞானம் போகவில்லை, இடம்தான் மாறியது. கம்பெனி ஆண்டு விழாவில் வாடிக்கையாளர் அத்தனை பேருக்கும் 'எங்கள் வீட்டிலிருந்து உங்கள் வீட்டுக்கு' என்று லேபிள் ஒட்டிய பாட்டில் தருவதாகத் தீர்மானம் போட்டார்கள். அதற்கு ஒரு கூட்டம்.

"லேபிள்ல வீடுன்னு போட்டாச்சு. வீட்லதான் அரைக்கணும். நாம பொய் சொல்ற கம்பெனி இல்ல" என்றார் மனிதவள மேலாளர்.

"யார் வீட்ல சார்?" என்றார் கேஷியர்.

"அது லேபிள்ல இல்லையே."

எல்லாருக்கும் சட்டென்று ஆயிரம் சங்கடம் முளைத்தது. கேஷியரின் மனைவிக்குப் பாதாம் என்றாலே தடிப்பு. கம்ப்யூட்டர்காரர் வீட்டில் பெயின்ட் அடிக்கிறார்கள். வாட்ச்மேன், தனக்கு வீடே இல்லை என்று பெருமையாகச் சொன்னார். கடைசியில் எல்லார் கண்ணும் பெட்டி அக்காவிடம் வந்து நின்றது.

"அக்கா, உங்க வீட்டுக்காரர் விஷயம் என் மேசையிலதான் இருக்கு" என்றார் மேலாளர், குரலில் தேன் வடிய. "விழா நல்லபடியா முடியட்டும். முதல் கையெழுத்து உங்களுக்குத்தான்."

அவள் தலையை ஆட்டினாள். 'தன்னார்வலர் முன்வந்தார்' என்று எழுதிக்கொண்டார்கள்.

லீவு நாளில் மூட்டை வந்து இறங்கியது. வெந்நீரில் ஊறிய பாதாமை நுனியில் அழுத்தினால் தோல் கையில் நிற்கும், பருப்பு எகிறிக் கட்டிலுக்கடியில் ஓடும். லோடுமேனும் பக்கத்தில் உட்கார்ந்து உரித்தார்.

"எத்தனை மூட்டை தூக்கியிருக்கேன்," என்றார் கம்பிக்குள்ளிருந்து. "இப்படி ஒவ்வொண்ணா தூக்குறது இப்பதான்."

"பேசாம உரிங்க. வாயில போட்டுடாதீங்க."

"போடத்தான் வழி இருக்கா?"

உரித்ததை உலர்த்தி, லேசாக வறுத்து, மிக்ஸியில் போட்டாள். போனில் முதலாளியம்மா வந்தார், படத்தோடு. கட்டிலின்மேல் தலையணையில் சாய்த்து வைத்த போனிலிருந்து இயக்கம் நேரடியாக வழிநடத்தப்பட்டது.

"முதல்ல பொடியாகும், அப்புறம் கட்டியாகும், அதுக்கப்புறம்தான் எண்ணெய் விட்டு விழுதாகும். நடுவுல நிறுத்தவே கூடாது, தெரியுதா? நிறுத்தினா பாதாமோட ஆன்மா உடைஞ்சிடும்."

"கொஞ்சம் ஆறவிட்டு ஆறவிட்டு ஓட்டுறேனே அம்மா. மிக்ஸி சூடாகுது."

"சூடு நல்லதும்மா! நம்ம கைச்சூடுதான் வீட்டுச் சுவை."

"இது கைச்சூடு இல்ல அம்மா, மோட்டார் சூடு."

"வாதாடாதே. ஓட்டு."

லோடுமேன் மிக்ஸியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். சங்கிலியைப் பார்த்த அதே பார்வை. அவளுக்கும் தெரியும். ஆனால் போனில் முதலாளியம்மாவின் தோளுக்குப் பின்னால் மேலாளரின் முகம் தெரிந்தது. அவர் சட்டைப்பையில் பேனா தெரிந்தது. ஓட்டினாள்.

ஓரிரண்டு பாட்டிலுக்கான விழுது திரண்டு வருகிற நேரத்தில் மிக்ஸி ஒருமுறை இருமியது. அடியிலிருந்து புகை சுருண்டு வந்தது.

"அம்மா, புகை வருது!"

"வருதா? அதான் பக்குவம்!" என்று கைதட்டினார் முதலாளியம்மா.

மிக்ஸி அந்தப் பக்குவத்திலேயே நின்றது. அதன்பின் எழுந்திருக்கவில்லை.

செய்தி கேட்டு மேலிடம் கலங்கவில்லை. "உரல்ல இடிச்சா இன்னும் பாரம்பரியம்" என்று லேபிளில் ஒரு வரி கூட்டிக்கொண்டது. பக்கத்து வீட்டில் உரலும் உலக்கையும் கடன் வாங்கி, மிச்ச மூட்டையை அவள் இடித்தே தீர்த்தாள். தோள்பட்டை அங்கேதான் போனது. மிக்ஸி ஜாரின் அடியில் ஒட்டியிருந்ததை மட்டும் வழித்து, வெந்நீரில் கரைத்து, புருஷனுக்கு ஸ்ட்ரா போட்டுக் கொடுத்தாள்.

அவர் ஒரு வாய் உறிஞ்சினார்.

"எப்படி இருக்கு?"

"வயர் வாசனை. ஆனா நல்லாத்தான் இருக்கு."

அன்றிலிருந்து அவருக்குக் கஞ்சித் தண்ணிதான். சல்லடையில் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள், காய் இறங்கவில்லை. இடுப்பில் லுங்கி நிற்க ஒரு கயிறு கட்ட வேண்டியதாயிற்று. கம்பெனி நடத்திய எந்த ஆரோக்கிய முகாமிலும் ஒருத்தரும் இவ்வளவு வேகமாக இளைத்ததில்லை.

விழா சிறப்பாக நடந்தது. முதலாளியம்மா மேடையில் தன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். "இந்தக் கையால அரைச்சது" என்றார். கை பளபளவென்று இருந்தது. வாடிக்கையாளர்கள் கண் கலங்கினார்கள். பிறகு மேலாளர் மைக்கைப் பிடித்து, "நம்ம குடும்பத்துல ஒருத்தருக்கு அடிபட்டது. அவருக்கு முதல் பாட்டில்!" என்று அறிவித்தார்.

பெட்டி அக்கா இடது கையால் வாங்கிக்கொண்டாள். வலது கை எழவில்லை.

"ரெண்டு கையாலயும் வாங்கணும்மா, போட்டோ எடுக்குறாங்க" என்றார் முதலாளியம்மா. "உன் வீட்டுக்காரருக்குக் குடு. இதை மெல்லவே வேண்டாம்!"

"கரைக்கணும் அம்மா. இடிச்சது, கரகரன்னு இருக்கு. ஸ்ட்ராவுல ஏறாது. மிக்ஸி எரிஞ்சு போச்சு."

"மிக்ஸி தனி விஷயம்" என்றார் மேலாளர், மைக்கைக் கையால் மூடிக்கொண்டு. "அது உங்க வீட்ல, உங்க கையால, லீவு நாள்ல எரிஞ்சது. கம்பெனிக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

"அப்ப கையெழுத்து சார்?"

"அதான் பாட்டில் குடுத்தாச்சே அக்கா. எல்லார் முன்னாடியும் வாங்கிட்டீங்க. அந்த விஷயம் இனிப்பா முடிஞ்சிடுச்சு. சிரிங்க."

போட்டோக்காரரும் "சிரிங்க" என்றார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். படத்தில் அது சிரிப்பு மாதிரியே விழுந்திருந்தது. அந்தப் படத்தைத்தான் பெரிதாக்கி அலுவலக வாசலில் மாட்டியிருக்கிறார்கள், 'ஊழியர் நலனே எங்கள் நலன்' என்ற வாசகத்துக்குக் கீழே.

விழுதைப் பற்றி ஒரு குறையும் சொல்வதற்கில்லை. சுத்தமான பாதாம், கலப்படமே கிடையாது, வீட்டில் செய்தது என்பதும் சத்தியமான உண்மை. அந்த வீட்டுக்குக் கம்பெனி தர வேண்டியது மட்டும் இன்னும் பாக்கி நிற்கிறது.

ஒரு மிக்ஸி. ஒரு தாடை.