முழு மனதோடு சம்மதிக்கிறேன்

எங்கள் மகளைப் பள்ளி நீச்சல் அணி வெளிநாட்டுப் போட்டிக்குத் தேர்ந்தெடுத்துவிட்டது. வீடே குதித்தது. கீழ்வீட்டுக்காரர் மேலே ஓடி வந்து, சுவர் ஏதும் இடிந்துவிட்டதா என்று விசாரித்தார்.

பெற்றோரில் ஒருவர் துணைக்கு வரலாம் என்று பயிற்சியாளர் சொல்லியிருந்தார். ஒரே ஒருவர்.

அந்த ஒருவர் நான்தான் என்று உடனே தீர்மானித்துவிட்டேன். எனக்கு நீந்தத் தெரியாது. வாளித் தண்ணீரே எனக்கு ஆழம். அதனால் என்ன? கரையில் நின்று கத்த ஓர் ஆள் வேண்டாமா?

மனைவியிடம் நேராகக் கேட்டால் நடக்காது. முதலில் அதிகாரத்தைப் பிடிப்பது, அப்புறம் விமானத்தைப் பிடிப்பது. இதுதான் திட்டம்.

"பிள்ளையை வெளிநாடு அனுப்ப சம்மதக் கடிதம் வேணுமாம். நோட்டரி வக்கீல் முன்னாடி கையெழுத்துப் போடணுமாம்" என்றாள் மனைவி.

"நான் போடறேன்!"

"நானே போட்டுடறேங்க. உங்களுக்கு எதுக்கு அலைச்சல்?"

"இந்த வீட்டுக்குத் தலைவர் யாரு?"

"நீங்கதான்."

"அப்போ கையெழுத்து?"

"சரி, நீங்களே போடுங்க" என்று பெருமூச்சு விட்டாள். அடடா! கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்க ஏங்கிய பெருமூச்சு அது.

அன்று மாலையே மகள் கம்ப்யூட்டரில் அடிக்க, நான் கூடத்தில் நடந்தபடி கடிதத்தைச் சொன்னேன். "இவளைப் பெற்ற தந்தையாகிய நான், முழு மனதோடு..."

"அப்பா, பெத்தது அம்மாதானே?"

"குறுக்கே பேசாதே. அடி!"

"கூடப் போறவங்க பேரு?"

"அதைக் காலியா விடு." கடைசி நிமிஷத்தில் என் பெயரை நுழைத்துவிடுவதாக உத்தேசம். மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அசந்துபோய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் மூவரும் போனோம். நோட்டரி வக்கீல் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"மனசாரத்தான் சம்மதிக்கிறீங்களா? யாரும் வற்புறுத்தலையே?"

"என்னை வற்புறுத்துறதா? போட வேண்டாம்னு சொன்னதே இவதான் சார். நான் விடலையே!"

கடிதத்தின் பாதி அகலத்துக்குக் கையெழுத்துப் போட்டேன்.

"கூடப் போறது யாரு?"

நெஞ்சை நிமிர்த்தினேன். "நான்!"

"அது எப்படி சார்? உங்களுக்கு நீங்களே சம்மதம் குடுத்துக்க முடியுமா? ஊர்ல இருக்கப்போற பெற்றோர்தான் கூடப் போறவருக்கு எழுதித் தரணும். நீங்க குடுத்துட்டீங்க. அப்போ போறது மேடம்."

மேடம் தன் பாஸ்போர்ட்டை ஏற்கெனவே மேஜைமேல் விரித்து வைத்திருந்தாள். அவர் அதைப் பார்த்துப் பெயரை நிரப்பி, 'டொக்'கென்று முத்திரை குத்தினார்.

"உனக்கு இது தெரியுமா?" என்றேன்.

"பயிற்சியாளர் அன்னிக்கே சொன்னாரு. அதான் நானே போடறேன்னு அவ்வளவு சொன்னேன். நீங்க கேட்டாத்தானே!"

வக்கீல் பக்கம் திரும்பினேன். "சார், இதைக் கிழிச்சுட்டு வேற எழுதலாமா?"

"தாராளமா. மேடம் ஒரு கையெழுத்துப் போட்டா போதும்."

மேடம் என் பேனாவை மூடி, தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.