தலைவர் ஊசி போட்டுக்கொண்டார்

அச்சம் என்ற ஒன்றை அறியாமல் பிறந்து, அறியாமலே வாழ்ந்து, மற்றவர்க்கும் வழிகாட்டும் மாமனிதர்கள் நூற்றாண்டுக்கு ஒருவர்தான் தோன்றுகிறார்கள். அந்த அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தின் தலைவர் அப்படிப்பட்டவர். பொதுக்குழுவில் இதை அவரே சொல்லியிருக்கிறார்.

ஊசி மட்டும் விதிவிலக்கு.

"அப்பா, உங்க ரெண்டு பேரோட தடுப்பூசி சர்டிபிகேட்டையும் அனுப்புங்க," என்றாள் வெளிநாட்டிலிருந்த மகள், போன் திரையில். அவள் மடியிலிருந்த குழந்தை திரையை நக்கிக்கொண்டிருந்தது. பேத்தி பிறந்ததிலிருந்து தலைவர் அவளுடைய நாக்கைத்தான் அதிகம் பார்த்திருக்கிறார். "ரெண்டு ஊசியும் போட்டு ரெண்டு வாரம் ஆகியிருக்கணும். இங்க கிளம்பி வர்றதுக்கு முன்னாடி மூக்குல குச்சி விட்டு ஒரு டெஸ்ட். இதுல எது இல்லன்னாலும் விமானத்துல ஏத்த மாட்டாங்க."

"என்னோடது ரெடி," என்றாள் மனைவி. "உங்கப்பாதான் இன்னும் ரெண்டாவது போடல. முதல் ஊசிக்கே சர்டிபிகேட் வாங்கிட்டு வரல."

தலைவர் இருமினார். இந்தக் கொரோனா காலத்தில் இருமக் கூடாது என்பது நினைவுக்கு வர, அதைத் தும்மலாக மாற்றப் பார்த்தார். அது அதைவிட மோசம் என்று பாதியில் நிறுத்திக்கொண்டார்.

விஷயம் இதுதான். வளாகத்தில் நடந்த முதல் முகாமை அவர்தான் தொடங்கிவைத்தார். "அஞ்சாதீர்கள்! என்னைப் பாருங்கள்!" என்று முழங்கிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர், நர்ஸின் கையிலிருந்ததைப் பார்த்துவிட்டார். முகத்தில் போட்டிருந்த இரண்டு மாஸ்க்குகளுக்குள்ளிருந்து, "சிஸ்டர், போட்டோவுக்கு மட்டும்தான். குத்துற மாதிரி நடிச்சாப் போதும்," என்று கிசுகிசுத்தார். நர்ஸ் தலையாட்டினார். தலைவர் நெஞ்சை நிமிர்த்திக் கேமராவைப் பார்த்தார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. 'தலைவர் ஊசி போட்டுக்கொண்டார்' என்ற வாசகத்தோடு அந்தப் படம் லிஃப்டுக்குள் தொங்குகிறது.

போடாத ஊசிக்கு எந்த முகத்தோடு போய் சர்டிபிகேட் கேட்பது?

"சுகாதார நிலையத்துல கம்ப்யூட்டர் வேலை செய்யலயாம்," என்றார் மனைவியிடம்.

"நேத்து எனக்கு வேலை செஞ்சுதே?"

"ஆம்பளைங்களுக்கு வேற கம்ப்யூட்டராம்."

மனைவி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "நாளைக்கு நானும் கூட வரேன். ரெண்டாவது ஊசியையும் போட்டுட்டு, கையோட வாங்கிட்டு வந்துடலாம்."

அந்தப் பார்வையிலிருந்து தப்பிக்கத்தான் தலைவர் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். "உன்கிட்ட சொல்ல வேணாம்னு பாத்தேன். முதல் ஊசி எனக்கு ஒத்துக்கல. ராத்திரியெல்லாம் ஒரே படபடப்பு. இன்னொண்ணு போட்டா தாங்குமோ என்னமோ."

மனைவி பதறிப்போனாள். பதறினால் அவள் எதிர்வீட்டில் சொல்வாள். எதிர்வீட்டம்மாள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் சொன்னார். மாலைக்குள் படபடப்பு மாரடைப்பாகி, மேல்மாடியில் தலைவர் நினைவிழந்து கிடந்தார். குப்பைக் கூடையோடு அவர் கீழே இறங்கியபோது லிஃப்டில் இரண்டு பேர் அலறினார்கள்.

மறுநாள் வளாகத்தில் இரண்டாவது ஊசிக்கான முகாம். ஈ காக்காய் இல்லை.

செயலாளர் நேரே தலைவர் வீட்டுக்கு வந்தார். "தலைவரே, 'அவருக்கே இந்தக் கதின்னா நமக்கு?'ன்னு ஒருத்தரும் கீழ இறங்க மாட்டேங்குறாங்க. நீங்க பத்த வெச்சது, நீங்கதான் அணைக்கணும். முகாம் நாளைக்கும் இருக்கு. எல்லார் முன்னாடியும் உக்காந்து போட்டுக்குங்க."

"எனக்குப் படபடப்பு..."

"டாக்டர்கிட்ட கேட்டுட்டேன். அதெல்லாம் ஒண்ணும் பண்ணாதாம். பக்கத்துலயே நிக்கிறேன்னு சொல்லிட்டாரு."

அன்று மாலை மகள் மறுபடி கூப்பிட்டாள். "அப்பா, இங்க பாருங்க!" பேத்தி நின்றுகொண்டிருந்தாள். எதையும் பிடிக்காமல் ஒரு கணம் நின்று, சுற்றுமுற்றும் பெருமையாகப் பார்த்து, பொத்தென்று உட்கார்ந்தாள். தலைவர் அவளைத் தொடப்போய், தவறான பொத்தானில் விரல் பட்டு, அழைப்பு அறுந்துபோனது.

"உங்களுக்கு உடம்புக்கு ஆகாதுன்னா பரவாயில்லங்க," என்றாள் மனைவி மெதுவாக. "நான் மட்டும் போய்ப் பாத்துட்டு வரேன்."

அன்றுதான் தலைவருக்கு நிஜமாகவே படபடப்பு வந்தது.

மறுநாள் வளாகம் நிறைந்திருந்தது. நாற்காலியைச் சுற்றிக் கைபேசிகள் உயர்ந்தன. பேச்சு எதுவும் இல்லாமல், ஒரே ஒரு மாஸ்க்கோடு தலைவர் வந்து உட்கார்ந்தார். அதே நர்ஸ். சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக் கண்களை இறுக மூடிக்கொண்டார்.

"சிஸ்டர்," என்றார் தணிந்த குரலில், "இந்தத் தடவை நிஜமாவே போடுங்க. ஆனா இதை முதல் ஊசின்னு எழுதிக்குங்க. அன்னிக்கு நான் போட்டுக்கவே இல்ல. போட்டோவுக்கு உக்காந்தேன். படபடப்பு, கம்ப்யூட்டர் எல்லாமே பொய். எனக்கு ஊசின்னா பயம், அவ்வளவுதான். டிக்கெட்டைத் தள்ளிப் போட்டுக்குறேன். எத்தனை தடவை வேணும்னாலும் வந்து குத்திக்குறேன். எம் பேத்தியைப் போய்த் தூக்கணும்."

செயலாளர் ஏதாவது வீரவுரை வரும் என்று மைக்கை அவர் வாயருகே நீட்டியிருந்தது, கண்ணை மூடியிருந்த தலைவருக்குத் தெரியாது. அவர் சொன்னது வளாகம் முழுக்கக் கேட்டது. மனைவி வாயில் புடவைத் தலைப்பை வைத்துக்கொண்டாள்; அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சொல்ல முடியவில்லை.

அதே மைக்கில் நர்ஸின் குரலும் கேட்டது.

"என்ன சார் சொல்றீங்க, அன்னிக்கு ரெண்டு மாஸ்க்குக்குள்ள நீங்க முனகினது ஒண்ணும் புரியாம நான் தலையாட்டிட்டு அப்பவே போட்டுட்டேன், இப்போ நீங்க பேசிக்கிட்டு இருக்கும்போதே ரெண்டாவதும் போட்டாச்சு, எந்திரிங்க."