மக்கர் பண்ணிய ரேம்ப்

"நொய்ங்" என்று ஒரு சத்தம் வந்தது. ரேம்ப் வரவில்லை.

"இன்னொரு வாட்டி அமுக்கும்மா," என்றார் வேங்கடசுப்ரமணியன்.

டிரைவர் முருகம்மாள் ரிமோட்டை இன்னொரு வாட்டி அமுக்கினாள். மறுபடியும் நொய்ங். வண்டியின் பின்பக்கம் மடித்து வைத்திருந்த இரும்புப் பலகை இம்மிகூட அசையவில்லை.

"மக்கர் பண்ணுது சார்."

"மாட்டுங்காவிலே சமர்த்தா இறங்கித்தே!"

"அது மாட்டுங்கா, இது கண்டாலா. மலைக்காத்துக்கு மோட்டார் இறுகியிருக்கும்."

வண்டிக்குள் வீல்சேரில் அவர் மனைவி அம்மிணி இருந்தாள். ஜன்னல் வழியாகப் பள்ளத்தாக்கின் ஓரம் கொஞ்சம் தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேங்கடசுப்ரமணியன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

'கண்டாலா வருகை 9.40, புறப்பாடு 10.25' என்று ஆரம்பித்து இரண்டு நாள் புரோகிராமை டைப் அடித்து மூன்று நகல் எடுத்திருந்தார். ஒன்று டிரைவருக்கு, ஒன்று மனைவிக்கு, ஒன்று தன் சட்டைப்பைக்கு. முதல் ஐட்டமே சறுக்கிவிட்டது.

மனிதர் முப்பத்தாறு வருஷம் பம்பாய் ஃபோர்ட்டில் ஓர் ஆபீஸில் டூர் செக்ஷன் பார்த்தவர். அடுத்தவர்கள் குடும்பத்தோடு ஊர் சுற்ற டிக்கெட் போட்டுக் கொடுப்பதுதான் வேலை. எந்த ஊருக்கு எந்த ரயில், எங்கே மாற வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அவர் பார்த்த ஊர்கள் எவை என்று கேட்டால் மாட்டுங்கா, ஃபோர்ட், வருஷத்துக்கு ஒருதரம் பாலக்காடு.

அம்மிணி சிம்லாவா கேட்டாள்? "கடல் பக்கம் ஒரு ரெண்டு நாள் போகணும். சும்மா உட்காரணும்," என்பாள். அவ்வளவுதான் அவள் ஆசை. "ரிடையர் ஆகட்டும்," என்பார் இவர். ரிடையர் ஆனார். நாலாவது மாசம் அம்மிணிக்குப் பக்கவாதம் வந்தது. கால்கள் நடப்பதை நிறுத்திக்கொண்டன. அன்றிலிருந்து மூன்று வருஷமாக அந்தக் குற்றவுணர்ச்சி அவரை அரித்துக்கொண்டிருக்கிறது.

பம்பாயில் இருந்துகொண்டு கடலுக்கா பஞ்சம் என்று கேட்பீர்கள். போன வருஷம் டாக்ஸி பிடித்து தாதர் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். ஒரு கையால் குடை பிடித்தார், மறுகையால் வீல்சேரை இறுக்கிப் பிடித்தார். "தலை சுத்தறதா? தண்ணி வேணுமா? காத்து ஜாஸ்தியா இருக்கோ?" அம்மிணி ஒரு தும்மல் தும்மினாள். பதினோராவது நிமிஷம் திரும்பி டாக்ஸியில் இருந்தார்கள்.

வீட்டிலும் அதே கதைதான். அவள் பாத்ரூமில் இருந்தால் இவர் கதவுக்கு வெளியே நின்று அரை நிமிஷத்துக்கு ஒரு தரம், "சரியா இருக்கியா?" என்பார். அன்புதான், யார் இல்லை என்றது? ஆனால் அமிர்தமே ஆனாலும் ஓர் அளவு உண்டே.

இந்தக் கேரவனைக் கண்டுபிடித்தது அம்மிணிதான். தாராவியில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் கணேசபாண்டியன், பழைய வேன் ஒன்றைக் கட்டில், அடுப்பு, கக்கூஸ், வீல்சேர் ஏற இறங்க ரேம்ப் எல்லாம் வைத்து வீடு மாதிரி ஆக்கியிருந்தார். ஓட்டுவது அவர் மனைவி முருகம்மாள். போனில் நம்பர் பிடித்து, முருகம்மாளோடு ஒரு வாரம் பேசிப் பேசி ஏற்பாடு செய்தவள் அம்மிணி. புரோகிராம் மட்டும்தான் இவருடையது.

"நான் தூக்கிண்டு இறக்கறேன்," என்று வேட்டியை மடித்துக் கட்டினார்.

"உங்க குடலிறக்கத்தோடயா? அப்புறம் ரெண்டு வீல்சேர் வாங்கணும்," என்றாள் அம்மிணி. "நீங்க போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லுங்கோ. எனக்கு அதுவே போறும்."

"நீ இல்லாம நானா?"

"வீடியோ எடுத்துண்டு வாங்கோ. போங்கோன்னா!"

போனார். மனசில்லாமல் போனார். இருபத்தைந்து நிமிஷம் வளைத்து வளைத்து எடுத்துக்கொண்டு வந்து காட்டினார். அம்மிணி முழுசாகப் பார்த்தாள்.

"உங்க கட்டைவிரல் ரொம்ப நன்னா வந்திருக்கு," என்றாள்.

இதற்கெல்லாம் அசருகிற ஆளா அவர்? அடுத்த ஐட்டமான அலிபாக் கடற்கரைக்குப் போகிற வழியில் டீக்கு நிறுத்தியபோது, தலைக்குத் தேய்க்கக் கொண்டுவந்த தேங்காயெண்ணெயை எடுத்து ரேம்பின் கீல்களில் அரை பாட்டில் ஊற்றினார்.

"ஏ யம்மா! என்ன சார் இப்பிடிப் பண்ணுதீங்க!" முருகம்மாள் ஓடிவந்தாள். "உள்ள வயரெல்லாம் போகுது சார்!"

ரிமோட்டை அமுக்கிப் பார்த்தாள். இப்போது நொய்ங்கும் இல்லை.

அலிபாக் கடற்கரையில் வண்டி நின்றபோது மணி நாலு. நூறடி தூரத்தில் கடல். அம்மிணி ஜன்னலில் கன்னத்தை ஒட்டவைத்துக்கொண்டு பார்த்தாள். அந்த முகத்தை இவரால் பார்க்க முடியவில்லை.

"மெக்கானிக் ஒருத்தனைக் கூட்டிண்டு வந்துடறேன். நீ கவலைப்படாதே."

"நிதானமா வாங்கோ. அவசரமே இல்லை."

ஞாயிற்றுக்கிழமை. மூன்று பட்டறை பூட்டியிருந்தது. நாலாவது ஆளை வீட்டிலிருந்து கெஞ்சி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வர ஒன்றே முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதற்குள் சூரியன் கடலுக்குள் போய்க்கொண்டிருந்தது. மெக்கானிக் ரேம்பின் அடியில் குனிந்தான். முருகம்மாளும் கூடக் குனிந்து மராத்தியில் என்னவோ சொன்னாள். மெக்கானிக் எழுந்து இவரை ஒரு பார்வை பார்த்தான்.

"பார்ட் போயிடுச்சு சேட். மும்பையிலதான் கிடைக்கும்," என்று ஹிந்தியில் சொன்னான். முருகம்மாள் போட்டுக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டான்.

ராத்திரி சவுக்குமரங்களுக்கு அடியில் வண்டியிலேயே படுத்தார்கள். வேங்கடசுப்ரமணியனுக்குத் தூக்கம் வரவில்லை. விடிந்ததும் விடியாததுமாகக் கிளம்பினார்.

"எங்கே?"

"மீன்காரா குப்பத்திலேர்ந்து நாலு தடியன்களைக் கூட்டிண்டு வரேன். உன்னை வீல்சேரோட அலாக்கா தூக்கிண்டு போய்க் கடல்லே வைக்கப்போறேன்."

"சாமியைத் தூக்கற மாதிரியா?" என்று சிரித்தாள். "குப்பம் ரொம்ப தூரமாச்சே. மெதுவா நடந்து போங்கோ."

தூரம்தான். கரையோரமாக நடந்தார். பாதி வழியில் ஓர் அலை வந்து செருப்போடு காலை நனைத்தது. நின்றுவிட்டார். அறுபத்துமூன்று வயசில், சட்டைப்பையில் புரோகிராமோடு, யாருக்கும் குடை பிடிக்காமல் கடலுக்கு முன்னால் நிற்பது அவருக்கு இதுதான் முதல் தடவை. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். இன்னோர் அலை வந்தது. என்ன அழகு! அம்மிணி இதைப் பார்க்கவில்லையே என்று நினைத்தார். முப்பத்தாறு வருஷம் ஊரையெல்லாம் அனுப்பி வைத்தேனே, இவளை ஒரே ஒரு தரம் அனுப்பியிருக்கலாமே என்று வாய்விட்டே சொன்னார். கேட்க அங்கே ஒரு நாய்தான் இருந்தது.

ஒருவழியாக நாலு பேரோடு திரும்பியபோது வெயில் ஏறியிருந்தது. அம்மிணி வண்டியில் அதே ஜன்னலோரத்தில் இருந்தாள். தலைமுடி எல்லாம் கலைந்திருந்தது.

"போறும்னா. ஜன்னல் வழியாவே ஆசைதீரப் பார்த்தாச்சு. அவாளை அனுப்பிச்சுடுங்கோ."

"சக்கரத்திலே ஏது இத்தனை மணல்?"

"காத்து அள்ளிப் போடுது சார்," என்றாள் முருகம்மாள். "என்ன காத்துங்கீங்க!"

அம்மிணி அவர் வேட்டியின் நனைந்த நுனியைப் பார்த்தாள். "கால் நனைச்சேளா?"

"நீ இல்லாம எப்படி..."

"நனைச்சேளா, இல்லையா?"

"நனைச்சேன்," என்றார், திருடிவிட்டு அகப்பட்டவர் போல.

"எப்படி இருந்தது?"

"அலை திரும்பறச்சே காலுக்கடியிலேர்ந்து மணல் உருவிண்டு போறது அம்மிணி. நம்மளையும் கூட வான்னு இழுக்கற மாதிரி."

"ஆமாம்," என்றாள் அம்மிணி. பிறகு, "இருக்கும்," என்று சேர்த்துக்கொண்டாள்.

சாயங்காலம் மாட்டுங்காவில் வீட்டு வாசலில் வண்டி நின்றது. முருகம்மாள் ரிமோட்டை அமுக்கினாள். ரேம்ப் பட்டுப்போல இறங்கித் தரையைத் தொட்டது.

"சனியனே! இங்கே மட்டும் இறங்கத் தெரியறதா?" என்று அதை ஓர் உதை விட்டார். கால் வலித்ததுதான் மிச்சம். முருகம்மாள் ஆகாசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை அம்மிணி பீன்ஸ் நறுக்கிக்கொண்டே ஏதோ ராகம் இழுத்தாள். மூன்று வருஷமாக அவள் வாயிலிருந்து பாட்டு என்று ஒன்று வந்ததில்லை. வேங்கடசுப்ரமணியனுக்குக் கண் கலங்கிவிட்டது. பாவம், என் மனசு நோகக் கூடாது என்று பாடுகிறாள் என்று நினைத்துக்கொண்டார். இனிமேல் அவளைக் கூட்டிப்போய் ஏமாற்ற மாட்டேன், எந்தக் கடலும் வேண்டாம் என்று தீர்மானமும் செய்துகொண்டார்.

அவள் குளிக்கப் போனாள். இவர் வழக்கம்போலக் கதவுக்கு வெளியே காவல் நின்றார்.

"சரியா இருக்கியா?"

"இருக்கேன்."

மேஜைமேல் இருந்த அவள் போன் "டிங்" என்றது. முருகம்மாளிடமிருந்து குரல் செய்தி. ரேம்ப் ரிப்பேர் ஆகிவிட்டதைத்தான் சொல்கிறாளாக்கும் என்று எடுத்து அமுக்கினார்.

"யம்மா, முருகம்மா பேசுதேன். அடுத்த மாசம் முருட் கடலுக்கு நீங்க கேட்ட தேதிக்கு வண்டி ரெடி. அன்னைக்கும் ரேம்ப் மக்கர் பண்ணணுமா, இல்ல, இந்தத் தடவ தண்ணியில எறங்கும்போது சாரையும் கூட்டிட்டுப் போவமா?"