எங்களுக்குள்ள இருக்கட்டும் வரதராசா

வெள்ளவத்தையில் காலி வீதியை ஒரு தரம் குறுக்கே கடந்து பாருங்கள். இங்கே சொல்லப்போகும் இனத்தில் நான்கு பேரையாவது இடித்துக்கொள்ளாமல் மறுபக்கம் போய்ச் சேரமாட்டீர்கள். அடையாளம் கண்டுகொள்வது வெகு சுலபம். முதலில் உங்கள் முழங்கையைத் தொடுவார்கள். அடுத்து இடமும் வலமும் பார்ப்பார்கள். அடுத்து, "இது எங்களுக்குள்ள இருக்கட்டும்" என்பார்கள். அதற்குப் பிறகு வருவது மூன்றாவது ஆள் ஒருவரின் சலரோகமாகவோ மறதியாகவோ மலச்சிக்கலாகவோதான் இருக்கும். தங்களுடைய சொந்தச் சங்கதியை இவர்கள் இப்படி முழங்கை தொட்டுச் சொன்னதாக யாரும் கேள்விப்பட்டதில்லை.

மாதிரிக்கு ஒருவர் வேண்டாமா? வங்கி உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்ற வரதராசாவை எடுத்துக்கொள்வோம். மனிதர் நல்லவர். அதை இப்போதே சொல்லிவைப்பது நல்லது, பிறகு மறந்துபோகலாம்.

ஹம்டன் லேனில் ஒரு தொடர்மாடியின் மூன்றாம் மாடியில் அவருடைய மாமி கனகேஸ்வரி இருக்கிறார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. மாமா காலமாகி நெடுநாள். மகன் ஜனா கனடாவில், மகள் சிவானி லண்டனில். மாமியைப் பார்த்துக்கொள்ளக் கொட்டாஞ்சேனையிலிருந்து வந்து கூடவே தங்கியிருப்பவள் றோஸி. றோஸியைப் பார்த்துக்கொள்ள வரதராசா. இந்தக் கடைசி நியமனத்தை யாரும் கொடுக்கவில்லை, அவரே ஏற்றுக்கொண்டார்.

காலையில் மாமி குடிக்கும் தேநீர் ஆறுமுன் வந்துவிடுவார். கையில் மீனும் மருந்துப் பையும் இருக்கும். மாமி எதிரே கதிரையில் உட்கார்ந்திருப்பார். வரதராசா றோஸியைக் கேட்பார்:

"பிள்ளை, மாமி சாப்பிட்டவவோ?"

"நான் இங்கதான் இருக்கிறன், வரதன்" என்பார் மாமி.

"ஓம் ஓம் மாமி, நீங்கள் இருங்கோ." இது அடுத்த தெருவுக்கும் கேட்கிற குரலில். மாமிக்குக் காது நன்றாகக் கேட்கும் என்பது அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் வயது போனவர்களோடு உரத்துப் பேசாவிட்டால் அன்பு காட்டியதாகவே அவருக்குத் தோன்றாது. பிறகு றோஸியின் பக்கம் குனிந்து, "இண்டைக்குக் கொஞ்சம் எரிச்சல் போல. குளிசை குடுத்தனீரோ?" என்பார்.

இவ்வளவும் சேகரித்ததும் ஃபோனை எடுப்பார். 'மாமி கெயார்' என்று அவர் தொடங்கிய வாட்ஸ்அப் குழுவில் முதலில் இருந்தது பிள்ளைகள் இரண்டு பேர் மட்டும். பிறகு மருமக்கள் வந்தார்கள், மெல்போர்னில் இருக்கும் சகலன் வந்தான், சிவானியின் கலியாணத்துக்கு வீடியோ எடுத்தவரும் எப்படியோ வந்து சேர்ந்து இன்றுவரை விலகாமல் இருக்கிறார். இப்போது நாற்பத்தொரு பேர். மாமி இரவில் எத்தனை தரம் எழும்பினார், காலையில் வயிறு போனதா, போனால் எப்படிப் போனது என்பதெல்லாம் நாலு கண்டங்களுக்கும் போகும். கும்பிடும் கைகள் வந்து குவியும். வரதராசா அந்தக் கைகளை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் மீனுக்கு உப்புக் காணுமா என்று கேட்பார்.

குழுவில் இல்லாதவர்கள் பாவமில்லையா? அவர்களுக்கு நேரில். கோயில் வரிசையில் ஒரு பகுதி, லிஃப்டில் ஒரு பகுதி. தெருமுனையில் செவ்விளநீர் விற்கிற சிங்கள அய்யேகூட அவரைக் கண்டால், "அம்மாட தென் கொஹொமத?" என்று இப்போது எப்படி என்பதை விசாரிப்பார். அவருக்கு வரதராசா தன் சிங்களத்தில் எட்டும்வரை மாமியின் மூட்டுவலியை விளக்குவார். எட்டாத இடத்தைக் கையால் தடவிக் காட்டுவார்.

இதிலே வேடிக்கை என்னவென்றால் மாமி பார்த்த உத்தியோகம்தான். கொழும்புக் கோட்டையில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஒப்பரேட்டர். வெளியூருக்குப் பேசுவதென்றால் ட்ரங்க் கோல் பதிந்துவிட்டுக் காத்திருந்த அந்தக் காலத்தில், காதில் கருவியை மாட்டி, வயரைச் செருகி, கொழும்பையும் வடக்கையும் இணைத்துவிட்டு, மூன்று நிமிடம் ஆனதும் வெட்டிவிடுவது அவருடைய வேலை. குழம்பிப்போன கலியாணம், முறிந்துபோன புறக்கோட்டைக் கடை, வீட்டுக்குத் தெரியாத காதல், எல்லாம் அந்தக் காதுக்குள் போயிருக்கின்றன. ஒன்றாவது வாயால் வந்ததுண்டா? இல்லை. இரவுச் சாப்பாட்டில் மாமா, "இண்டைக்கு என்ன புதினம்?" என்று ஆசையோடு கேட்பார். "மழை வரும் போல கிடக்கு" என்பார் மாமி. அதற்குமேல் மாமாவுக்கு ஒன்றும் கிடைத்ததில்லை. அப்படி ஒரு உத்தியோகம் தனக்குக் கிடைத்திருந்தால் என்று வரதராசா பல தடவை பெருமூச்சு விட்டிருக்கிறார்.

ஒருநாள் குளியலறையில் மாமியின் கால் வழுக்கியது. றோஸி சட்டென்று அணைத்துப் பிடித்து, மெல்லக் கீழே இருத்திவிட்டாள். ஒரு கீறல்கூட இல்லை. இரண்டு பேருக்கும் சிரிப்புத்தான் வந்தது.

"பிள்ளை, இது வெளியில போகவேண்டாம்."

"இல்லை அன்ரி, என்ட வாயால போகாது."

றோஸியின் வாயால் போகவில்லை. விறாந்தையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த வரதராசாவுக்குச் சிரிப்புச் சத்தம் கேட்டதுதான் வினையாகிவிட்டது.

கோயில் வாசலில் அது 'வழுக்கி' என்றிருந்தது. சந்தையில் 'விழுந்து' ஆனது. சந்தையிலிருந்து கிருலப்பனைக்குப் போவதற்குள் இடுப்பு முறிந்தது. கிருலப்பனையைக் கடந்ததும் மாமியின் உயிரே போய்விட்டது போலும், அங்கிருந்து ஒரு உறவுக்காரி வீட்டுக்குக் கோல் எடுத்து, தழுதழுத்த குரலில், "எப்ப எடுக்கினமாம்?" என்று செத்தவீட்டு நேரம் கேட்டார். ஃபோனை எடுத்தது மாமி. "நேரம் இன்னும் வைக்கேல்ல" என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஆனால் குழுவில் இது சிரிக்கிற விஷயமாக இருக்கவில்லை. ஞாயிறு பின்னேரம் சூமில் கூட்டம் கூடியது. களனிப் பக்கம் முதியோர் இல்லம் ஒன்றில் இடம் இருக்கிறதாம். ஃபிளாட்டை வாடகைக்குக் கொடுத்துவிடலாமாம். கடலும் ரயிலும் தெரிகிற அந்த ஜன்னலடியில் கதிரையைப் போட்டு உட்காருவதைத் தவிர மாமி இந்த வயதில் வேறு ஒன்றும் கேட்டதில்லை. அந்த ஜன்னலைத்தான் இப்போது கூடியிருந்து பேசி அவரிடமிருந்து எடுக்கப்போகிறார்கள். வரதராசா மாமியின் கதிரையை ஃபோனுக்கு முன்னால் இழுத்துவிட்டார். திரையில் மாமியின் நெற்றி பாதியும் மின்விசிறி முழுதும் தெரிந்தன.

"அங்க நேர்ஸ்மார் இருக்கினம்."

"பாவம் அம்மா, இனித் தனிய விடேலாது."

"ஒரு கிழமையில பழகிடுவா."

கடைசியில் சிவானிக்குத்தான் அந்த யோசனை வந்தது. "அம்மாட விருப்பம் என்ன?" என்றாள். நல்ல பிள்ளை. ஆனால் கேட்டது யாரை? "வரதன் அத்தான், அம்மாக்கு ஓகேயோ?"

"ஓம் ஓம், அவவுக்கு ஓகே" என்றார் வரதராசா, மாமியின் பக்கம் திரும்பிப் பாராமலே.

மாமி றோஸியைப் பார்த்தார். "பிள்ளை, இதில சத்தத்தை நிப்பாட்டுறது எது?"

றோஸி காட்டினாள். மாமி விரலால் அமர்த்தினார். "நீர் கொஞ்சம் குசினிக்குள்ள இரும் பிள்ளை" என்று அவளை அனுப்பினார். இத்தனை வருடங்களுக்குப் பிறகும் இணைப்பைத் துண்டிக்கும் விரலில் நடுக்கம் இருக்கவில்லை. பிறகு வரதராசாவின் முழங்கையைத் தொட்டார்.

"வரதன், நீர் கலியாணம் முடிக்க முந்தி ஒரு நாள் கிளிநொச்சிக்கு ட்ரங்க் கோல் எடுத்தனீர். மூண்டு நிமிஷம் முடிஞ்சும் நான் வெட்டேல்ல. நீர் அழுதுகொண்டிருந்தீர். எப்பிடி வெட்டுறது?"

அந்தக் கோலைப் பற்றி உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும், பேசியவருக்கும் கேட்டவருக்கும், என்று தலை நரைக்கும்வரை நம்பியிருந்தவர் வரதராசா. நடுவில் ஒருத்தி வயரைப் பிடித்தபடி இருந்திருப்பாள் என்பது ஒருநாளும் மனதில் பட்டதில்லை. அதற்குப் பிறகு எத்தனை கலியாண வீடு, எத்தனை செத்தவீடு, மாமி பக்கத்தில் இருந்து சாப்பாடு பரிமாறியிருக்கிறார். மாமாவுக்குக்கூடச் சொல்லவில்லை. வெட்கமும் நன்றியும் ஒன்றாக வந்தால் மனிதன் எதைத்தான் சொல்வான்? வரதராசா இருமினார்.

பிறகு சத்தத்தைத் திரும்பப் போட்டு, ஃபோனை மாமியின் முகத்துக்கு நேரே பிடித்தார். "அவவையே கேளுங்கோ" என்றார். மெதுவாகத்தான் சொன்னார்.

"நான் ஒரு இடமும் போகேல்ல" என்றார் மாமி. "வழுக்கினது உண்மை. றோஸி பிடிச்சது உண்மை. பாத்ரூமில பிடிக்க ஒரு கம்பி அடிச்சுவிட்டால் காணும். வேற ஏதும் தெரிய வேணுமெண்டால் என்னட்டைக் கேளுங்கோ."

"சரி அம்மா" என்றான் ஜனா.

கூட்டம் முடிந்ததும் குழு கொதித்தது. நடுவில் சத்தம் நின்றதை எல்லோரும் கவனித்திருக்கிறார்களே! 'மாமி என்ன சொன்னவா?' என்று மெல்போர்ன் கேட்டது. 'சவுண்ட் வரேல்ல, என்ன சொன்னவா?' என்று கனடாவின் ஸ்காபரோ கேட்டது. கலியாண வீடியோக்காரரும் கேட்டார். வரதராசா நெடுநேரம் ஃபோனைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் கைக்கு இப்படி ஒரு சங்கதி வாழ்நாளில் அகப்பட்டதில்லை. கடைசியில் ஒரே ஒரு வரி எழுதினார்: 'மழை வரும் போல கிடக்கு.'

மாமி ஜன்னலடியில்தான் இருக்கிறார். குளியலறையில் கம்பி அடித்தாயிற்று. வரதராசா இப்போதும் மீனோடு வருகிறார். "மாமி, சாப்பிட்டனீங்களோ?" என்று மாமியையே கேட்கிறார். குரல் மட்டும் இன்னும் குறையவில்லை.

அது இருக்கட்டும். அன்றைக்குக் கிளிநொச்சியில் மறுமுனையில் இருந்தது யார், இவர் ஏன் அழுதார், பிறகு என்ன நடந்தது என்றுதானே இவ்வளவு நேரமாக உங்களுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது? ஒருவருக்கும் சொல்லமாட்டீர்கள், உங்களுக்குள்ளேயே வைத்துக்கொள்வீர்கள், இல்லையா? இப்போது இடமும் வலமும் பார்த்தீர்களே, அது எதற்கு?

வெளியே பாருங்கள். மழை வரும் போலிருக்கிறது.