கொள்ளைக்காரன் கப்பலுக்கு ஒழுகாத கூரை

உலகத்துல எவன் வேணா கோச்சுக்கிட்டுப் போன பொண்டாட்டிய 'வா'ன்னு கூப்பிடட்டும், இந்த பிராங்க்ளின் கூப்பிட மாட்டான். இதுதான் நான் எடுத்த முடிவு. எடுத்தப்ப ரொம்ப கம்பீரமா இருந்துது. மறுநாள் பசி எடுத்துது.

சண்டை இன்னாத்துக்குன்னா, மீன் கொழம்புல மண்ணு. பழவேற்காட்டு ஏரி ஓரம் எங்க குப்பம். மார்கழி வந்தா வாடைக்காத்து கெளம்பி, ஒரு வூட்டு மண்ண அள்ளி இன்னொரு வூட்டுக்குக் குடுக்கும். எங்க வூட்டுக்குள்ள சமையக்கட்டுன்னு ஒண்ணு இருக்குது. அதுல ஆளு நின்னா சிலிண்டரு வெளிய நிக்கணும். அதனால மீன் கொழம்பு மட்டும் வாசல்ல, வெறகடுப்புல. எம் பொண்டாட்டி ரோஸ்மேரி மூணு வருஷமா கேட்டுட்டு இருந்தா.

"நாலு கொம்பு நட்டு மேல ஒரு கூரை போட்டுக் குடுயா. காத்துல அடுப்பு நிக்க மாட்டேங்குது. குனிஞ்சு குனிஞ்சு முதுகு போச்சு."

"போடலாம் மே."

"எப்போ?"

"பாடு இல்லாத நாளா பாத்து."

ஏரியில வலை போடறதுக்கு ஊருக்கு ஊரு முறை வெச்சிருக்கோம், அதுதான் பாடு. எங்க முறை இல்லாத நாள்ல நான் சும்மாதான் இருப்பேன். ஆனா சும்மா இருக்கறதுக்கும் நேரம் வேணும் இல்ல சார்?

அன்னைக்கு கெழங்கான் மீன் கொழம்பு. வாயில வெச்சா நறநறன்னுது. முழுங்கிட்டு எழுந்து போயிருக்கலாம். என் நாக்குல சனி.

"இன்னா மே இது, மீனு கம்மி, மண்ணு ஜாஸ்தி? நானே இதைவிட நல்லா சமைப்பேன். நீ இல்லாட்டியும் இந்த வூடு ஓடும்."

அவ கத்தல. முந்தானையில கையைத் தொடைச்சா.

"ஓட்டு. நான் எங்கம்மா வூட்டுக்குப் போறேன். பிரின்சிக்கு ஸ்கூலு இருக்குது, அவ இங்கயே இருக்கட்டும். நீயே தலை வாரி, நீயே சோறு கட்டி, நீயே ஓட்டு."

ஆரம்பாக்கம் பஸ் ஏறிட்டா.

நானும் ஓட்டினேன். நாலாவது படிக்கிற எம் பொண்ணு தலையப் பின்னி விடச் சொன்னா. எனக்குத் தெரிஞ்சது வலை முடிச்சு. அதைப் போட்டு விட்டேன். சாயங்காலம், அதை அவுக்கப் போயி டீச்சரு சீப்பே ஒடஞ்சு போச்சுன்னு பிரின்சி அழுதுட்டு வந்தா. சோறு ஒரு நாள் கஞ்சி ஆச்சு, ஒரு நாள் கரி ஆச்சு.

சோறு போனாப் போவுது சார். வலை இழுத்துட்டு கரை ஏறுவேன் பாருங்க, அப்ப ரோஸ்மேரி "எவ்ளோ பட்டுது?"ன்னு கேப்பா. கைப்புடி எறா பட்டிருந்தா நான் கூடைன்னு அளந்து வுடுவேன். அவ நம்பாம ஒதட்டைச் சுழிப்பா. அந்தச் சுழிப்பப் பாக்கத்தான் நான் இத்தன வருஷமா கரைக்கே வந்துட்டு இருந்திருக்கேன்னு அவ போன பின்னாடிதான் தெரிஞ்சுது. இப்ப கரையில நாய் மட்டும் நிக்குது. அது எவ்ளோ பட்டுதுன்னு கேக்காது, நேரா கூடைக்குள்ள வாயை வெக்கும். கொடிக்கயித்துல அவ நைட்டி ஒண்ணு காஞ்சுட்டு இருந்துது. அதை எடுத்து மடிக்க எனக்கு மனசு வரல, அப்படியே வுட்டுட்டேன்.

போனை எடுப்பேன். அவ பேரு வரைக்கும் வெரலு போவும். முடிவு ஞாபகத்துக்கு வரும். வெச்சிடுவேன்.

பிரின்சி மட்டும் தெனம் சாயங்காலம் அம்மாகிட்ட பேசுவா. நான் பக்கத்துல கிழிஞ்ச வலையைப் பொத்தற மாதிரி ஒக்காந்து காதைத் தீட்டிப்பேன். என்னை ஒரு வார்த்தை கேக்க மாட்டாளான்னு இருக்கும். நான் காதை நீட்டினதும் பொண்ணு போனை எடுத்துக்கிட்டு தென்னைமரத்தாண்ட போயிடுவா.

அப்பத்தான் பிரின்சி பொறந்தநாள் வந்துது.

"நைனா, எனக்குத் தீம் பார்ட்டி வேணும். எங்க கிளாஸ் மலீஹா வூட்ல இளவரசி தீம் வெச்சாங்க. எனக்குக் கொள்ளைக்காரன் கப்பல்."

"கேக்கு மேலயா?"

"வாசல்ல. நாங்கல்லாம் உள்ள போற அளவுக்கு."

"ஒங்கம்மா வருவாளா?"

"கப்பல் நல்லா இருந்தா வருவாங்களாம்."

பளிச்சுன்னு எனக்குத் திட்டம் பொறந்துது. கப்பலைக் கட்டு. ஊரே பேசும். அவ வருவா, பாப்பா, அசந்து போவா, தங்கிடுவா. 'வா'ன்னு நான் வாயைத் தொறக்கவே வேணாம். மானமும் மிச்சம், பொண்டாட்டியும் மிச்சம்.

சவுக்குக் கொம்பு, ஒடஞ்ச ஃபைபர் போட்டோட மூக்கு, நீலத் தார்ப்பாய், வலை மிதவை எல்லாம் சேத்தேன். கொம்பை சும்மா மண்ணுல சொருகி நிறுத்தினேன். வாடைக்காத்து ஒரே தள்ளு, படுத்துக்கிச்சு. எனக்கு ரோஷம் வந்துடுச்சு. ஏரிக்காரன் கட்டின கப்பலைக் காத்து சாச்சுதுன்னா நாளைக்கு எந்த மூஞ்சியோட வலை எடுத்துட்டுப் போவேன்? இடுப்பளவு பள்ளம் தோண்டி, கல்லு போட்டு இடிச்சு ஊனினேன். போட்டைக் கட்டற முடிச்சுல இறுக்கினேன்.

பிரின்சி தெனமும் ஒரு திருத்தத்தோட வருவா.

"நைனா, மேல்தளம் ஒழுகக் கூடாது."

"ஏன், கொள்ளைக்காரன் நனைஞ்சா கரைஞ்சிடுவானா?"

"ஒழுகினா கப்பல் முழுகிடும்ல?"

நியாயமாத்தான் பட்டுது. ஓட்டையில்லாத தகரமாப் பாத்துப் போட்டேன்.

"நைனா, பாயை வாடைப்பக்கம் இழுத்துக் கட்டு."

"பாருடா, ஏரிக்காரன் பொண்ணு!"ன்னு எனக்குப் பெருமை தாங்கல.

"நைனா, மேல ஒரு ஓட்டை வுடு. பீரங்கிக்கு."

"பீரங்கி பக்கவாட்டுலதான மே இருக்கும்?"

"இது ஆகாசத்தைப் பாத்து சுடற பீரங்கி."

"சரி."

"உள்ள ஒரு மேடை. செங்கல்லுல. புதையல் பொட்டி வெக்க."

"செங்கல்லு எதுக்கு?"

"தங்கம் கனமா இருக்கும்ல நைனா?"

"எவ்ளோ ஒசரம்?"

அவ தென்னைமரத்தாண்ட போய் போன் பேசிட்டு வந்தா. "அம்மா இடுப்பு ஒசரம்."

டேப்பு கையில இருக்குது. அளக்க ஆளைக் காணோம். கண்ணை மூடினேன். ரோஸ்மேரி அடுப்பை ஊதிட்டு, நிமிந்து, இடுப்புல கையை வெச்சுக்கிட்டு "அம்மாடி"ன்னா. என் கை தானா ஒரு எடத்துல போய் நின்னுது. பக்கத்துக் கொம்புல கரியால ஒரு கோடு போட்டேன். போட்டுட்டு அந்தக் கோட்டையே பாத்துட்டு நின்னேன். கண்ணுல மண்ணு விழுந்துடுச்சு சார், காத்து அப்படி.

பக்கத்து வூட்டு சிங்காரம் வந்து எட்டிப் பாத்தான்.

"இன்னா பிராங்கு, கோழிக்கூடா?"

"யோவ், கப்பலுயா இது."

"எப்ப ஓடும்?"

"இது ஓடாத கப்பலு."

"ஓடாத கப்பலுக்கு எதுக்குயா இம்மாம் ஆழத்துல பள்ளம்?"

பொறாமைன்னு வுட்டுட்டேன். கொடியில மண்டையோடு வேணும்னா பிரின்சி. பழவேற்காட்டுல டச்சுக்காரன் கல்லறை வாசல்ல கல்லுல செதுக்கின எலும்புக்கூடு இருக்குதே, அதைப் போய்ப் பாத்து வரைஞ்சேன். வரைஞ்சு முடிச்சா அது சிங்காரம் மாதிரியே இளிச்சுது.

பொறந்தநாளும் வந்துது. காலையில இருந்து பஸ் ஸ்டாப் பக்கமே என் கழுத்து திரும்பிட்டு இருந்துது. மூணு பஸ்ஸு சும்மா போச்சு. நாலாவதுல ரோஸ்மேரி எறங்கினா. கையில துணிப்பை, தலையில ஒரு சாக்கு மூட்டை. கொஞ்சம் எளைச்சிருந்தா. ஓடிப் போய் மூட்டையை வாங்கணும்னு காலு துடிச்சுது. முடிவு புடிச்சு இழுத்துது. கொடிக்கம்பத்தைப் புடிச்சுக்கிட்டு கேப்டன் மாதிரி நின்னேன்.

அவ கப்பலைச் சுத்தி வந்தா. கொம்பை ஆட்டிப் பாத்தா, ஆடல. தகரத்தைத் தட்டிப் பாத்தா. பீரங்கி ஓட்டை வழியா வானத்தைப் பாத்தா.

"நல்லா இருக்குயா."

போதும் சார், அது போதும்! பசங்க ஒத்தைக் கண்ணுல கறுப்புத் துணி கட்டிக்கிட்டு கத்தினதும், கேக்கு வெட்டினதும், புதையல் பொட்டியில இருந்த கடலை மிட்டாயைக் கொள்ளை அடிச்சுட்டுப் போனதும் எனக்கு அரைகொறையாத்தான் ஞாபகம். நான் அவளையே பாத்துட்டு இருந்தேன். கொடிக்கயித்துல இருந்த நைட்டியை அவ எடுத்து ஒதறி மடிச்சு உள்ள வெச்சா. தங்கப் போறா! மீசையை முறுக்கிக்கிட்டேன்.

பசங்க போனதும் கப்பலுக்குள்ள 'ணங்'னு ஒரு சத்தம். எட்டிப் பாத்தேன். சாக்கு மூட்டை அவுந்து கெடக்குது. உள்ள இருந்து புதுசா ஒரு மண்ணடுப்பு, ஒரு சட்டி, ஒரு கட்டு வெறகு. புதையல் பொட்டியைத் தூக்கி பிரின்சி கையில குடுத்துட்டு, அடுப்பை மேடை மேல வெச்சா.

"ஏ மே! இது கொள்ளைக்காரன் கப்பலு!"

"இருக்கட்டும். கொள்ளைக்காரன் துன்ன மாட்டானா?"

அடுப்பைப் பத்த வெச்சா. வெளிய வாடைக்காத்து ஓன்னு கத்துது. தார்ப்பாயைத் தாண்டி உள்ள வர முடியல. நெருப்பு அசையாம எரியுது. பொகை நேரா பீரங்கி ஓட்டையில ஏறி ஆகாசத்துக்குப் போவுது. அப்பத்தான் எனக்கு ஒண்ணொண்ணா ஒறைச்சுது. நான் பிரின்சியப் பாத்தேன். பிரின்சி கடலை மிட்டாயைப் பாத்தா.

"எல்லாம் நீ போன்ல சொல்லிக் குடுத்ததா மே?"

"கூரை போடுன்னா போட மாட்ட. கப்பலுன்னா கட்டுவ. வேற ஆளுன்னா அட்டையில ஒட்டிட்டுப் போயிருப்பான். நீ காத்தோட ரோஷம் பாத்து பள்ளம் தோண்டுவன்னு எனக்குத் தெரியாதா?"

சொல்லிட்டு மேடை முன்னாடி நேரா நின்னா. குனியவே இல்ல. மேடை சரியா அவ இடுப்புக்கு வந்துது. கொம்புல இருந்த கரிக்கோட்டை வெரலால தொட்டா.

"இது எதை வெச்சு அளந்த?"

"ஞாபகத்துல இருந்துதான்."

அவ மூஞ்சியத் திருப்பிக்கிட்டு முந்தானையால கண்ணைத் தொடைச்சா. பொகைன்னு சொல்ல வழியில்ல, பொகை மொத்தமும் மேல போவுது.

ஆனாலும் ஆம்பள கெத்து கொஞ்சம் மிச்சம் இருந்துது, அதை வுடுவானேன்? தொண்டையைக் கனைச்சேன்.

"எது எப்படியோ, நான் கூப்பிடாமலே நீ வந்துட்ட இல்ல?"

ரோஸ்மேரி ஒதட்டைச் சுழிச்சா. சட்டியில புளியை ஊத்திக்கிட்டே சொன்னா:

"தெனமும் போனை மடியில வெச்சுக்கிட்டுதான்யா ஒக்காந்திருந்தேன். 'வா'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, கூரையும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு அன்னைக்கே பஸ் ஏறியிருப்பேன்."