மூன்று செடியும் அறுபது லீற்றர் தொட்டியும்

அரசாங்கம் கைப்பற்றிய பொருள், கைப்பற்றிய நாளில் எப்படி இருந்ததோ வழக்கு முடியும்வரை அப்படியே இருக்கவேண்டும். இது சட்டம். ஜெர்மனியில், லைப்சிக்கிலிருந்து ரயிலில் நாற்பது நிமிசத் தூரத்தில் ஒரு சின்ன நகரம். பெயரைச் சொன்னால் அங்கே இருக்கிறவர்களுக்குக் கோபம் வரும், வேண்டாம். அதன் சான்றுப்பொருள் காப்பகத்தில் கத்திகள், சைக்கிள்கள், யாரோ ஒருவருடைய பொய்ப்பல் உட்பட எல்லாப் பொருளும் இந்தச் சட்டத்துக்கு ஒழுங்காகக் கீழ்ப்படிந்து வந்தன. 2006 ஏப்ரலில் வந்துசேர்ந்த மூன்று கஞ்சாச் செடிகள்தான் கீழ்ப்படியவில்லை. அவை வளர்ந்தன.

வழமையில் இப்படியான செடிகளைப் பொலிசார் வெட்டிக் காயவைத்துப் பையில் கட்டிவிடுவார்கள். இந்த மூன்றும் ஒரு மாணவனின் உடுப்பு அலுமாரிக்குள்ளே தயிர் வாளிகளில் நின்றவை. ஒவ்வொன்றும் ஒரு சாண் உயரம். "இது கயிறு திரிக்கிற இனம், போதை கிடையாது, பூத்த பிறகுதான் தெரியும்" என்று அவனுடைய வழக்கறிஞர் வாதாடினார். நீதிபதிக்கும் அது நியாயமாகப் பட்டது. "பூக்கும்வரை சான்றை உயிருடன் பேணவும்" என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு விடுமுறையில் போய்விட்டார்.

பேணுகிற வேலை யாகோப்புவின் தலையில் விழுந்தது. மன்னாரில் பிறந்தவர், வயது நாற்பத்தெட்டு. ஜெர்மனிக்கு வந்த பதினெட்டு வருசத்தில் பதினொரு வேலை பார்த்துவிட்டார், பதினொன்றும் தவணை வேலை. காப்பகத்து உதவியாளர் வேலையும் செப்டம்பர் முப்பதோடு முடிகிற ஒப்பந்தம்தான். மாதத்தில் ஒருநாள் தேவாலயத்தில் நடக்கும் தமிழ்ப் பூசை முடிந்து வெளியே வந்தால், சுகம் விசாரிக்கிற ஒவ்வொருவரும் அடுத்த வாயில் "வேலை நிரந்தரமோ?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்காகவே மனிசன் இரண்டு மாதமாகப் பூசைக்குப் பிந்திப்போய் முந்தி வந்துகொண்டிருந்தார்.

காப்பகப் பொறுப்பதிகாரி ஹேர் பெற்சோல்ட், அதாவது திரு பெற்சோல்ட், ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். "செப்டம்பர்வரை உங்கள் பொறுப்பிலுள்ள எந்தச் சான்றுக்கும் சேதம் வராவிட்டால், உங்களை நிரந்தரமாக்கப் பரிந்துரைப்பேன்." ஆகவே யாகோப்புவின் எதிர்காலம் முழுவதும் மூன்று தயிர் வாளிக்குள்ளே நின்றது.

மே மாதம் வாளிகளின் அடியால் வேர் எட்டிப் பார்த்தது. இலை மஞ்சளித்தது. யாகோப்பு போய்ச் சொன்னார்.

"ஐயா, சட்டி மாத்த வேணும். விட்டால் செத்துப்போம்."

"சாகக்கூடாது. அது சான்று அழிப்பு."

"அப்ப பெரிய சட்டியில வைப்பம்."

"எவ்வளவு பெரியது?" என்று பெற்சோல்ட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "பெரிய சட்டியில் வைத்தால் செடி பெருக்கும். பெருத்தால் எடை கூடும். எடை கூடினால் அந்தப் பையனுக்கு அபராதம் போய்ச் சிறை வரும். சட்டியின் அளவைத் தீர்மானிப்பவர் தீர்ப்பைத் தீர்மானிக்கிறார், ஹேர் யாகோப்பு. அதற்கு உங்களுக்கும் அதிகாரம் இல்லை, எனக்கும் இல்லை."

"ஒரு சுற்றுப் பெரிசு காணும், ஐயா. பழைய மண்கட்டியைச் சுத்தி ரெண்டு விரல் இடம் விட்டாச் சரி. ஏழு லீற்றர்."

"ரெண்டு விரல் என்பது யாருடைய விரல்?"

யாகோப்பு தன் விரலைக் காட்டினார். அது தரப்படுத்தப்பட்ட அளவு அல்ல என்று பெற்சோல்ட் குறித்துக்கொண்டார். பிறகு நீதிமன்றத்துக்கு ஒன்று, சுற்றாடல் பிரிவுக்கு ஒன்று, கொள்வனவுப் பிரிவுக்கு ஒன்று என்று மூன்று கடிதம் போயிற்று. சட்டியின் அளவு சட்டப் பிரச்சினை அல்ல என்றது நீதிமன்றம். அது சுற்றாடல் பிரச்சினை அல்ல, வீட்டுக்குள்ளே நிற்கிற செடி சுற்றாடலில் சேராது என்றது சுற்றாடல் பிரிவு. கொள்வனவுப் பிரிவு மட்டும் அன்பாகப் பதில் எழுதியிருந்தது. நகரசபையின் பட்டியலில் இரண்டு அளவுதான் உண்டாம். ஒன்று, பாலர் பாடசாலைப் பிள்ளைகள் விதை முளைக்கவைக்கிற கோப்பை. மற்றது, நகரசபை வாசலில் பூமரம் வைக்கிற அறுபது லீற்றர் தொட்டி.

அந்த வருசம் தர முகாமைத்துவம், அதாவது குவாலிட்டி மேனேஜ்மென்ட், என்றொரு மோகம் எல்லா அரசாங்கக் கந்தோரையும் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. கதவைத் திறப்பதற்கும் அம்புக்குறி போட்ட படம் ஒட்டினார்கள். அதற்கென்று வந்த ஆலோசகர் சுந்தரராஜன் சென்னைக்காரர். கழுத்தில் அட்டை, கையில் மடிக்கணினி. தொட்டி விவகாரம் அவரிடம் போயிற்று.

"சிம்பிள் சார்," என்றார் யாகோப்புவிடம். "சின்னக் கப்ல வெச்சா ரிஸ்க். பெரிய தொட்டில வெச்சா ஃபியூச்சர்ல மாத்தவே வேண்டாம். ஒன் டைம் சொல்யூஷன்."

"தம்பி, இந்தச் சின்னச் செடியைக் கொண்டுபோய் அறுபது லீற்றருக்குள்ள வைச்சா, வேர் குடிக்காத தண்ணி அடியில நிண்டு அழுகும். செடி நிமிராது."

"டேட்டா இருக்கா?"

"செடி இருக்கு."

"டாக்குமெண்ட் இல்லாட்டி கணக்குல எடுக்க முடியாது சார்," என்று சுந்தரராஜன் உண்மையாகவே வருத்தப்பட்டுச் சொன்னார். அடுத்த நாள் அறுபது லீற்றர் என்று தீர்மானமாகி, சுவரில் அம்புக்குறிப் படமும் ஏறியது. செடியைத் தொடுகிறவர் தொட்ட நேரம், ஊற்றிய தண்ணீர், தன் பெயர் மூன்றையும் பதிவேட்டில் எழுதவேண்டும் என்பது அதில் நாலாவது அம்புக்குறி.

வீட்டில் மனைவி பேர்பெச்சுவாவிடம் எல்லாவற்றையும் கொட்டினார். சொன்னபடி செய்தால் செடி அழுகும், வேலை போகும். செய்யாவிட்டால் கட்டளை மீறல், வேலை போகும். அவருக்கு அழுகை வரப்பார்த்தது.

"இஞ்சருங்கோ," என்றார் பேர்பெச்சுவா, கீரை ஆய்ந்தபடி. "அவையளுக்குத் தேவை வெளியில தெரியிற தொட்டி. செடிக்குத் தேவை உள்ளுக்க இருக்கிற சட்டி. ரெண்டையும் குடுங்கோவன்."

யாகோப்பு மறுநாள் கடையில் ஏழு லீற்றர்ச் சட்டி மூன்று வாங்கினார். அவற்றில் செடிகளை வைத்து, அறுபது லீற்றர்த் தொட்டிகளுக்குள் இறக்கி, விளிம்பு தெரியாமல் மேலே மண் தூவினார். பெற்சோல்ட் அளவுநாடாவால் தொட்டியை அளந்து "சரி" என்று ஒப்பம் வைத்தார்.

செடிகளுக்குப் பிடித்துப்போயிற்று. யூனில் இடுப்பளவு, யூலையில் நெஞ்சளவு, ஓகஸ்டில் இரண்டு மீற்றர். காப்பகம் முழுக்க வாசம். சேதம் என்று சொல்ல ஓர் இலைகூட இல்லை. "முன்மாதிரியான பராமரிப்பு" என்று பெற்சோல்ட் கோப்பில் எழுதினார். யாகோப்பு அதை இரண்டுதரம் வாசித்தார்.

செப்டம்பர் இருபதாம் தேதி வழக்கு. பூத்தது சந்தேகத்துக்கு இடமில்லாத கஞ்சா என்று நிபுணர் சொன்னார். மாணவனின் வழக்கறிஞர் எழுந்தார்.

"கனம் நீதிபதி அவர்களே, என் கட்சிக்காரரிடம் கைப்பற்றியது ஒரு சாண். மேலே இருக்கிற மிச்சம் அரசாங்கம் வளர்த்தது."

நீதிபதிக்கு இதுவும் நியாயமாகப் பட்டது. மாணவனை எச்சரித்து அனுப்பினார். ஆனால் மிச்சத்துக்கு யார் பொறுப்பு? பதிவேடு வந்தது. நூற்றிருபத்தாறு வரி. வைத்தது: யாகோப்பு. தண்ணீர்: யாகோப்பு. பசளை: யாகோப்பு. இவ்வளவு பூரணமான ஒப்புதல் வாக்குமூலத்தைத் தன் சேவைக்காலத்தில் கண்டதில்லை என்று அரச தரப்பு வழக்கறிஞர் மனம்விட்டுப் பாராட்டினார். அரச கட்டடத்தில் போதைப்பயிர் வளர்த்த குற்றத்துக்கு அங்கேயே வழக்குப் பதிவாயிற்று.

யாகோப்பு வீட்டுக்கு வந்து சப்பாத்தும் கழற்றாமல் இருந்துவிட்டார். பதினெட்டு வருசமாக ஒரு சிவப்பு விளக்கைக்கூடக் கடந்து நடக்காத மனிசன்.

மூன்றாம் நாள் ஆளணிப் பிரிவிலிருந்து கடிதம். பேர்பெச்சுவாதான் உரக்க வாசித்தார். மூன்று செடிகளும் இப்போது புதிய வழக்கின் சான்றுகள். அவற்றை உயிருடன் பேணவேண்டும். பேணத் தெரிந்தவர் இந்த நகரத்தில் ஒருவரே என்பது பதிவேட்டினால் நிரூபணமாகியுள்ளது. ஆகவே எதிரியின், அதாவது குற்றஞ்சாட்டப்பட்ட யாகோப்புவின், ஒப்பந்தம் அவர்மீதான வழக்கின் இறுதித் தீர்ப்பு வரும்வரை நீடிக்கப்படுகிறது.

யாகோப்புவுக்காக வாதாட வந்த வழக்கறிஞர் தொலைபேசியில் உற்சாகமாக இருந்தார். "பயப்படவேண்டாம். மூன்று கிழமையில் விடுதலை வாங்கித்தருகிறேன்."

பேர்பெச்சுவா ரிசீவரைக் கையால் பொத்தினார். "என்னத்துக்கப்பா அவருக்கு இவ்வளவு அவசரம்? மேல்முறையீடு எத்தினை இருக்கெண்டு முதல்ல கேளுங்கோ."

மூன்று இருந்தது. ஆறேழு வருசம் தாராளமாக ஓடும். அடுத்த பூசைக்கு யாகோப்பு நேரத்துக்குப் போனார். கேட்டவர்களிடம், கேளாதவர்களிடமும், "ஓம், கிட்டத்தட்ட நிரந்தரம்தான்" என்றார்.

திங்கட்கிழமை காலை பெற்சோல்ட் காப்பகத்துக்குள் வந்து கதவைச் சாத்தினார். முகம் வெளிறியிருந்தது. சிக்கன நடவடிக்கையில் அவருடைய பதவியை வருசக் கடைசியோடு எடுக்கப்போகிறார்களாம்.

"ஹேர் யாகோப்பு," என்றார் மெதுவாக. "தொட்டிக்கு ஒப்பம் வைத்தது நான். என்னையும் எதிரியாகச் சேர்க்கும்படி நீங்கள் ஒரு வார்த்தை சொல்லமுடியாதா?"

யாகோப்புவுக்கு மனம் இளகத்தான் செய்தது. ஆனாலும் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்து, பேனா மூடியைக் கழற்றினார்.

"எழுத்துமூலம் விண்ணப்பியுங்கள், ஹேர் பெற்சோல்ட்," என்றார். "மூன்று பிரதி. உங்களுக்கு முன்னால் ஏற்கெனவே நாலு பேர் விண்ணப்பித்திருக்கிறார்கள்."