பின்னால் போகும் கார் விற்பனைக்கு

காருக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த குழந்தைவேலுவின் கால்களைப் பார்த்துத்தான் விசாலாட்சி பேசினாள். கல்யாணமான நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கால்களோடுதான் அவளுக்குக் குடித்தனம்.

“ஏங்க, நாளைக்கு வர்றவர் நிஜமாவே வாங்கிடுவாரா?”

“சத்தம் நின்னா வாங்கிடுவார்.”

“நிக்கலைன்னா?”

கால்கள் இன்னும் கொஞ்சம் உள்ளே போயின.

குழந்தைவேலு அந்தத் தீவின் ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில் கப்பல் ஆபீஸ் கிளார்க். வெள்ளைக்காரத் துரை ஒருவர் விட்டுப்போன அந்தக் கறுப்புக் காரை வாங்கியதிலிருந்து கழற்றுவதும் மாட்டுவதுமாகவே இருந்தான். உடைந்த படகு ஒன்றின் ஹாரனை அதில் பொருத்திய அன்று, மெட்ராஸ் கப்பல் வந்துவிட்டதென்று அபர்டீன் பஜாரே ஜெட்டிக்கு ஓடியது.

விசாலாட்சிக்கு வேண்டியதெல்லாம் துணி காயப்போட ஒரு வாசல். “இந்த மாசத்துக்குள்ள இது போகணும். இல்லேன்னா நான் தீவை விட்டு மெயின்லேண்டுக்கே போயிடுவேன்” என்று சொல்லிவிட்டாள். எந்தக் கப்பல் என்று விசாரித்தும் வைத்திருந்தாள்.

குழந்தைவேலு மனதைக் கல்லாக்கிக்கொண்டு சம்மதித்தான். ஆனால் ஊளையிடும் வண்டியை இன்னொருவர் தலையில் கட்ட மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. பின் சக்கரங்களுக்கு நடுவே உருண்டையாகத் தொங்கும் பல்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியலிலிருந்து அந்த ஊளை கிளம்பியது. வண்டி வேகமெடுத்தால் தெருநாய்கள் கூடவே பாடின.

வாங்கும் ஆளைப் பிடித்துக் கொடுத்தவர் துணிக்கடை அப்துல் ஜப்பார். அவரும் சொந்தமாக ஒரு ஜீப்பைக் கழற்றிப் போட்டிருப்பவர்.

“இதெல்லாம் ஒரு விஷயமா வேலு? ஆயில்ல ரெண்டு கை மரத்தூள் போடு. பல்லுக்குப் பல் மெத்தை வச்ச மாதிரி ஆயிடும். என் ஜீப்புக்கு அதான் போட்டேன். பில்குல் சத்தம் இல்ல.”

“உங்க ஜீப் ஓடறதே இல்லையே பாய்!”

“சத்தம் இல்லைன்னுதானே சொன்னேன்?”

விசாலாட்சி அடுப்புக்கு வைத்திருந்த படாக் மரத்தூள் டிஃபரன்ஷியலுக்குள் போயிற்று. சத்தம் சட்டென்று நின்றது. இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். தெருமுனை தாண்டுவதற்குள் வண்டி சேற்றில் இறங்கிய எருமை போல முக்கி முனகி நின்றது. அடியில் புகை வந்தது. மூடியைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தான் குழந்தைவேலு.

“பாய், உள்ள களி கிண்டி வச்சிருக்கோம்.”

“மண்ணெண்ணெய் ஊத்திக் கழுவு. ஜல்தி!”

மண்ணெண்ணெய் ஊற்றியதில் பாதிக் களி வெளியே வந்தது. மீதி உள்ளேயே ஒட்டிக்கொண்டது. இப்போது பழைய ஊளையோடு ‘கடக் கடக்’ என்று புதிதாக ஒன்றும் கேட்டது.

“இதுவரைக்கும் பாட்டு மட்டும்தான். இப்போ தாளமும் சேர்ந்துடுச்சு” என்றாள் விசாலாட்சி.

வேறு வழியில்லை. முழுதாகக் கழற்றினார்கள். ஒவ்வொரு பல்லாகத் துலக்கினார்கள். எண்ணெய் தடவி, பூட்டி, முறுக்கினார்கள். கடைசியில் ஒரு நட்டுகூட மிச்சம் விழவில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

குழந்தைவேலு முதல் கியரைப் போட்டுக் கிளட்சை விட்டான். கார் சத்தமே இல்லாமல், வெண்ணெயில் வழுக்குவது போல, பின்னால் போய்த் துணிக்கொடிக் கம்பத்தைச் சாய்த்தது.

“எந்தக் கியர் போட்ட?”

“முன்னாடி போற கியர்தான் பாய்.”

ஜப்பார் தலையில் கை வைத்தார். “அரே! உள்ள இருக்கிற பெரிய பல்சக்கரத்தை இந்தப் பக்கம் மாட்டறதுக்கு அந்தப் பக்கம் மாட்டிட்டோமே!”

முன்னால் போகவேண்டிய மூன்று கியரும் இப்போது பின்னால் போயின. பின்னால் போகவேண்டிய ஒரே ஒரு கியர் முன்னால் போனது. திரும்பக் கழற்றப் பார்த்தால் போல்ட் தலை மழுங்கிச் சுற்றியது.

“விடு வேலு, சத்தம் நின்னுடுச்சுல்ல?” என்று சொல்லிவிட்டு ஜப்பார் கடையைப் பார்க்க நடந்தார்.

மறுநாள் காலையில் உதயசூரியன் வந்தார். வடக்கே ஏதோ ஒரு தீவில் மர காண்ட்ராக்டர். கூடவே அவர் மனைவி சந்திரமதி.

மனிதர் காரைச் சுற்றிப் பார்க்கவில்லை. பானெட்டைத் திறந்து காதை வைத்துக் கேட்டார். ஆயிலைத் தொட்டு முகர்ந்தார். “எதுக்கும் கொஞ்ச தூரம் மேட்டுல ஏத்திப் பாக்கலாமே” என்றார்.

முன்னால் போகும் அந்த ஒற்றைக் கியரில் கார் நடந்துபோகிறவர்களுக்கு வழிவிட்டு நகர்ந்தது. அபர்டீன் பஜார் மேட்டில் என்ஜின் அலறிற்று. பொறுக்கமாட்டாமல் குழந்தைவேலு வண்டியைத் திருப்பி, கழுத்தை ஒடித்துப் பின்னால் பார்த்தபடியே மேட்டில் ஏற்றினான். டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். போலீஸ்காரர் ஒருவர் எந்தக் கையைக் காட்டுவதென்று தெரியாமல் இரண்டையும் காட்டினார். உதயசூரியனோ ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி என்ஜினைக் கேட்டபடி, “ஃபர்ஸ்ட் கிளாஸ்!” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் குழந்தைவேலு உடைந்துபோனான்.

“ஐயா, உண்மையைச் சொல்லிடறேன். இது பின்னாடிதான் ஒழுங்காப் போகும். நான்தான் மாத்தி மாட்டிட்டேன்.”

“அதனால என்ன தம்பி? எனக்குப் பிடிச்சிருக்கு” என்றார் உதயசூரியன், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே.

குழந்தைவேலுவுக்குக் கண் கலங்கியது. இப்படி ஒரு ரசிகரை அவன் கண்டதில்லை. விசாலாட்சி சாய்ந்த கம்பத்தை நிமிர்த்தி, புதுக்கொடி கட்டவே ஆரம்பித்துவிட்டாள்.

“ஜெட்டிக்கு நானே ஓட்டிட்டு வந்து தர்றேங்க. ஒண்ணே ஒண்ணு. அங்க நல்ல ரோடாப் பாத்து ஓட்டுங்க.”

டீ குடித்துக்கொண்டிருந்த சந்திரமதி டம்ளரைக் கீழே வைத்தாள்.

“எங்க லாங் ஐலண்டுல ஏது தம்பி ரோடு? என்ஜினை மட்டும் கழட்டிட்டுப் போய் எங்க படகுல மாட்டப்போறோம், மிச்சமெல்லாம் உங்க வாசல்லயே இருக்கட்டும்.”